கேட்ட கேள்விக்கே பதில்: மூலிகை மருந்துக் கலப்படமும் வேதிச் சோதனையும்

1992ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரத்துச் சிறுநீரக மருத்துவர்களை இரண்டு பெண்களின் நோய் திகைக்க வைத்தது. இருவருக்கும் ஐம்பது வயது ஆகவில்லை. இருவரின் சிறுநீரகங்களும் நார் கட்டி, கண்ணெதிரே என்று சொல்லும் வேகத்தில் சுருங்கிக்கொண்டிருந்தன. விசாரித்தபோது ஒரு பொதுவான செய்தி கிடைத்தது: உடல் எடையைக் குறைக்க இருவரும் ஒரே சிகிச்சை மையத்துக்குப் போயிருந்தார்கள். ழான்-லூயி வான்ஹெர்வெகெம் தலைமையில் மருத்துவர்கள் நகரத்தின் ஏழு டயாலிசிஸ் பிரிவுகளில் விவரம் திரட்டினார்கள். அதே மையத்தில் அதே சிகிச்சை எடுத்த இன்னும் ஏழு பெண்கள் அகப்பட்டார்கள். 1993இல் 'லான்செட்' மருத்துவ இதழில் அந்த அறிக்கை வெளியானது. பின்வந்த ஆண்டுகளில் பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

அந்த மையம் 15 ஆண்டுகளாக இதே தொழிலைச் செய்துவந்தது. அதுவரை இப்படி ஒரு புகார் எழுந்ததில்லை. 1990 மே மாதம் மருந்துக் கலவையில் புதிதாக இரண்டு சீன மூலிகைகளைச் சேர்த்தார்கள். ஒன்று ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா என்ற கொடியின் வேர். மற்றொன்று மக்னோலியா மரத்தின் பட்டை. சேர்த்த பிறகுதான் நோய் தொடங்கியது. ஆனால் ஸ்டெபானியாவும் சரி, மக்னோலியாவும் சரி, சீன மருத்துவத்தில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் சரக்குகள். இரண்டுமே சிறுநீரகத்தைத் தின்னும் நஞ்சு என்று பெயரெடுத்தவை அல்ல. அப்படியானால் கொன்றது எது?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய வழியை நான் விரிவாகச் சொல்லப் போகிறேன். மூலிகை மருந்தில் கலப்படம் கண்டுபிடிப்பது பற்றி நம்மிடையே ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. நல்ல கருவி இருந்தால் போதும், பொடியை உள்ளே போட்டால் அதிலிருப்பதையெல்லாம் அது சொல்லிவிடும் என்ற நம்பிக்கை அது. எந்தக் கருவியும் அப்படிச் சொல்வதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டுமே அது பதில் சொல்லும். எதைக் கேட்பது என்பதைத் தாவரத்தையும் வணிகத்தையும் நோயாளியின் உடம்பையும் அறிந்த மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்டெபானியா நம் சீந்தில் கொடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேரில் டெட்ராண்ட்ரின் என்ற ஆல்கலாய்டு இருக்கும். அதுவே அந்த வேரின் அடையாளம். பிரஸ்ஸல்ஸில் மருந்துத் தாவர வேதியியல் அறிஞர் மோரிஸ் வான்ஹேலனும் அவருடைய குழுவினரும் 1990க்கும் 1992க்கும் இடையே பெல்ஜியத்துக்கு வந்திறங்கிய 'ஸ்டெபானியா' பொடியின் பல தொகுதிகளைச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் டெட்ராண்ட்ரின் இல்லை. அவற்றில் இருந்தது அரிஸ்டோலோக்கிக் அமிலம். 1994இல் இதை அறிவித்தார்கள். அதாவது வந்தது ஸ்டெபானியா வேர் அல்ல, அரிஸ்டோலோக்கியா ஃபாங்ச்சி என்ற முற்றிலும் வேறான கொடியின் வேர். சீன மருந்துச் சந்தையில் அன்று இரண்டு வேர்களும் 'ஃபாங் ஜி' என்ற பொதுப்பெயரில் விற்கப்பட்டன, முன்னொட்டுதான் வேறு. காய்ந்து, நறுக்கி, பொடியாக்கி, மூட்டை கட்டிக் கப்பலேறிய பிறகு இரண்டையும் கண்ணால் பிரித்தறிய யாராலும் முடியாது.

மேலோட்டமாகப் படிப்பவர்களுக்குத் தப்பிவிடும் ஒரு நுட்பம் இந்த இடத்தில் இருக்கிறது. ஆல்கலாய்டுகள் காரத்தன்மை உடையவை. பொடியிலிருந்து அவற்றைப் பிரித்தெடுக்க வழக்கமான முறை ஒன்று உண்டு. பொடிக்கரைசலில் அம்மோனியா போன்ற காரத்தைச் சேர்த்து, குளோரோஃபார்மையோ ஈதரையோ ஊற்றிக் குலுக்கிவிட்டுக் காத்திருந்தால் இரண்டு அடுக்குகளாகப் பிரியும். ஆல்கலாய்டு கரைப்பான் அடுக்குக்குப் போய்விடும். நீர் அடுக்கைக் கொட்டிவிடலாம். அரிஸ்டோலோக்கிக் அமிலமோ பெயருக்கேற்ப அமிலம். காரத்தில் அது உப்பாக மாறி நீரிலேயே தங்கிவிடும். ஆகவே ஆல்கலாய்டு இருக்கிறதா என்று மட்டும் தேடுகிற சோதனையாளர், நஞ்சைத் தம் கையாலேயே தொட்டியில் கொட்டிவிட்டு, 'டெட்ராண்ட்ரின் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திடக்கூடும். அவர் எழுதியதில் பொய் இருக்காது. ஆனால் நோயாளிக்குத் தேவைப்பட்ட பதில் அதில் இருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. அரிஸ்டோலோக்கிக் அமிலத்தின் தீமை 1990இல் அறியப்படாத ஒன்றல்ல. புற்றுநோய் மருந்தாக அதை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள் சிறுநீரகம் கெடுவதைக் கண்டு 1960களிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜெர்மனியில் அது கலந்த மருந்துகளை 1981இல் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு, எலிகளில் அது புற்றுநோயை உண்டாக்குவதைக் காட்டும் ஆய்வு வெளியானது. பெல்ஜியத்தின் அண்டை நாட்டில் தடை வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியும், இறக்குமதியாகும் மூலிகைப் பொடியில் இந்த அமிலம் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. மூட்டையில் ஒட்டிய பெயர் வேறாக இருந்தது என்பதுதான் காரணம். அறிவு ஓரிடத்தில் இருந்தது, பொடி வேறோரிடத்தில் இருந்தது.

இந்த அமிலத்தைக் கண்டுபிடிக்கக் கோடி ரூபாய் பெறும் கருவி வேண்டியதில்லை. மெல்லடுக்கு வண்ணப்பிரிகை, ஆய்வகத்தில் எல்லாரும் சொல்வதுபோல் டி.எல்.சி., போதும். இந்த முறை பிறந்ததே மூலிகை மருந்தைச் சோதிக்கத்தான். 1938இல் உக்ரைனின் கார்கிவ் நகரில் நிக்கோலாய் இஸ்மாய்லோவும் மரியா ஷ்ரைபரும் கண்ணாடித் துண்டின் மேல் அலுமினாவை மெல்லப் பரப்பி, அதன்மேல் தாவரச் சாற்றுச் சொட்டை வைத்து, கரைப்பானால் விரியவிட்டு, வளைய வளையமாகப் பிரிவதைப் பார்த்தார்கள். மருந்துக் கடைக்கு வரும் தாவரச் சாறுகளின் தரத்தை விரைவாகக் கணிப்பதே அவர்கள் நோக்கம். 1950களில் எகோன் ஷ்டால் இதைச் சீராக்கி உலக ஆய்வகங்களுக்குக் கொண்டுசேர்த்தார்.

இன்றைய தகடு ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். உள்ளங்கை இரண்டு அகலத்தில் ஒரு கண்ணாடி. அதன்மேல் சிலிக்கா ஜெல் பூச்சு, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கனம். நகத்தால் கீறினால் சுண்ணாம்புபோல் உதிரும். பொடியை மெத்தனாலில் ஊறவைத்து வடித்த சாற்றை, தகட்டின் அடிப்பக்கத்தில் எட்டு மில்லிமீட்டர் நீளக் கோடாகக் கருவி தெளிக்கும். பக்கத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத அசல் வேரின் சாறு, அதற்கடுத்து தூய அரிஸ்டோலோக்கிக் அமிலம். தகட்டை மூடிய கண்ணாடித் தொட்டிக்குள் நிறுத்தினால், அடியில் ஊற்றிய டொலுவீன், எத்தில் அசிட்டேட், ஃபார்மிக் அமிலக் கலவை பூச்சில் ஊறி மேலேறும். ஒவ்வொரு பொருளும் சிலிக்காவை எவ்வளவு பற்றுகிறதோ அவ்வளவு பின்தங்கும். கரைப்பான் ஏழெட்டு சென்டிமீட்டர் ஏறியதும் தகட்டை எடுத்து உலர்த்த வேண்டும். வெறுங்கண்ணுக்குச் சில மஞ்சள், பச்சைக் கோடுகள் தெரியும். அதை மட்டும் வைத்து எதையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

பிறகு தகட்டின்மேல் வெள்ளீய குளோரைடு கரைசலைத் தெளித்து ஒரு நிமிடம் 100 டிகிரி வெப்பத்தில் வைக்கிறார்கள். புற ஊதா விளக்கின் 366 நானோமீட்டர் ஒளியில் பிடித்தால், தூய அமிலம் நின்ற உயரத்தில் நீலப்பச்சை ஒளி எழும். சந்தேகப் பொடியின் தடத்திலும் அதே உயரத்தில் அதே ஒளி தெரிந்தால் அந்தப் பொடியை மருந்தாக விற்கக் கூடாது. அமில மூலக்கூறில் ஒரு நைட்ரோ தொகுதி இருக்கிறது. வெள்ளீய குளோரைடு அதை ஒடுக்கி, அரிஸ்டோலாக்டம் என்ற ஒளிரும் பொருளாக மாற்றுகிறது. நாம் பார்க்கும் ஒளி அந்த மாற்றத்தின் ஒளி.

இந்தச் சோதனையில் என்னை உறைய வைப்பது வேறொன்று. தகட்டின்மேல் நடக்கும் இதே ஒடுக்கம் நோயாளியின் உடம்புக்குள்ளும் நடக்கிறது. அங்கே வெள்ளீயம் இல்லை, நொதிகள் இருக்கின்றன. அவை அதே நைட்ரோ தொகுதியை ஒடுக்கும்போது இடைவழியில் பிறக்கும் துடிப்பான மூலக்கூறு, அரிஸ்டோலாக்டமாக அடங்குவதற்குள் உயிரணுவின் டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்கிறது. குறிப்பாக அடினின் என்ற எழுத்தின்மேல் ஒட்டி ஆண்டுக்கணக்கில் அகலாமல் இருக்கிறது. அந்த உயிரணு பிளவுபடும்போது அடினின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் வந்து உட்காருகிறது. 2000ஆம் ஆண்டு ழோயல் நோர்ட்டியே குழுவினர் வெளியிட்ட ஆய்வில், சிறுநீரகம் முற்றும் செயலிழந்த 39 பிரஸ்ஸல்ஸ் நோயாளிகள், பயனற்றுப்போன சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொள்ள இசைந்தார்கள். அகற்றிச் சோதித்ததில் 18 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. அவர்களின் திசுக்களில் டி.என்.ஏ.வோடு ஒட்டிய அந்த மூலக்கூறுகளும் இருந்தன. மாத்திரையை நிறுத்திப் பல ஆண்டுகள் கழித்தும் இருந்தன. மருந்துப் புட்டியின் சீட்டு மறைத்ததை நோயாளியின் சிறுநீரகம் எழுதி வைத்திருந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்த அமிலம் உள்ள மூலிகைகளை 2002இல் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று முதல் வகையில் வைத்தது. தைவானில் இத்தகைய மூலிகைகளுக்கு 2003இல் தடை வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இவை மருந்தாக எழுதிக்கொடுக்கப்பட்டிருந்தன என்பதைக் காப்பீட்டுப் பதிவுகள் காட்டின.

பிரஸ்ஸல்ஸில் நடந்தது ஆள்மாறாட்டம். யாரும் வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. வேண்டுமென்றே செய்யும் கலப்படத்துக்குத் தனிப் புத்தி உண்டு, அது சோதனையைப் படித்துவிட்டு வருகிறது.

அமெரிக்காவில் 1996 முதல் பி.சி.-ஸ்பெஸ் என்ற பெயரில் எட்டு மூலிகைகள் அடங்கிய ஒரு குளிகை விற்பனையானது. புராஸ்டேட் புற்றுநோயாளிகள் நம்பி வாங்கினார்கள். அது வேலையும் செய்தது. புற்றுநோயின் அறிகுறியான பி.எஸ்.ஏ. அளவு இறங்கியது. பெண் ஹார்மோன் போன்ற விளைவு தெரியவே, ஆய்வாளர்கள் செயற்கை ஹார்மோனான டை-எத்தில்-ஸ்டில்பெஸ்ட்ரால் கலந்திருக்கிறதா என்று தேடினார்கள். 1998இல் வெளியான கட்டுரை, வண்ணப்பிரிகையும் நிறை நிறமாலைமானியும் கொண்டு சோதித்ததில் அந்தச் செயற்கைப் பொருளிலிருந்து வேறுபட்ட ஹார்மோன் பொருட்களே இருப்பதாகச் சொன்னது. நல்ல இதழ், நல்ல கருவி, நல்ல ஆய்வாளர்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1996 முதல் தயாரான பல தொகுதிகளை வரிசையாக வைத்துச் சோதித்த இன்னொரு குழு அதே செயற்கை ஹார்மோனைக் கண்டது. சில தொகுதிகளில் ஒரு கிராம் பொடிக்கு 159 மைக்ரோகிராம் வரை. கூடவே வலிநிவாரணி இண்டோமெத்தசின். 1998 நடுவிலிருந்து வந்த தொகுதிகளில் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் இருந்தது. ஹார்மோன் இரத்தக் கட்டியை உண்டாக்கும், வார்ஃபரின் அதைத் தடுக்கும். யாரோ மருந்தியல் தெரிந்தவர் யோசித்துச் சேர்த்த சேர்மானம் போலவே அது இருக்கிறது. 2002இல் குளிகை திரும்பப் பெறப்பட்டது. அரசு நிதியில் அதை வைத்து நடந்த மருத்துவச் சோதனைகள் நின்றன.

ஒரு தொகுதிக்குக் கிடைத்த சான்று அடுத்த தொகுதிக்குப் பொருந்தாது. நம் ஊரில் ஒருமுறை வாங்கிய ஆய்வகச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி, அதை ஆண்டுக்கணக்கில் காட்டும் கடைகளை நினைத்துக்கொள்கிறேன். சான்றிதழில் தொகுதி எண் இருக்கிறதா என்று வாங்குபவர்கள் பார்ப்பதில்லை. விற்பவர்கள் அதை நன்றாக அறிவார்கள்.

மூட்டுவலிப் பொடிகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைச் சேர்ப்பது இதே இனம். மூன்றாம் நாளே வலி போகும். சில மாதங்களில் முகம் உப்பி நிலாபோல் ஆகும், சர்க்கரை ஏறும், எலும்பு இளைக்கும். திடீரென்று நிறுத்தினாலோ உயிருக்கே ஆபத்து. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை அதற்குள் மறந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க நிறை நிறமாலைமானி உதவும். டெக்சாமெத்தசோன் மூலக்கூறின் நிறை 392. ஒரு புரோட்டான் ஏறிய அயனியாக 393இல் தெரியும். உடைத்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு கழன்று 373 ஆகும். ஆனால் பீட்டாமெத்தசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டுக்கும் இதே நிறைதான். ஒரே ஒரு மெத்தில் தொகுதி நோக்கும் திசையில்தான் வேறுபாடு. நிறையை மட்டும் பார்க்கும் கருவிக்கு இரண்டும் எளிதில் பிரியாது. முன்னாலுள்ள வண்ணப்பிரிகைக் குழாயில் அவை வெவ்வேறு நேரத்தில் வெளிவந்தால்தான் எது எது என்று சொல்ல முடியும்.

ஆண்மைக் குறைவுக்கு விற்கும் 'மூலிகை' மாத்திரைகளின் கதை இன்னும் மோசம். சில்டனாஃபில் என்ற ஆண்மைக் குறைவு மருந்தைச் சேர்த்தார்கள், ஆய்வகங்கள் பிடித்தன. உடனே அந்த மூலக்கூறின் ஓரத்தில் ஓர் அணுவையோ ஒரு தொகுதியையோ மாற்றிப் புதுப்பொருள் செய்தார்கள். மனிதரிடம் ஒருமுறைகூடச் சோதித்திராத பொருள் அது. ஆய்வகக் கணினியில் இருக்கும் பட்டியலில் அதன் பெயர் இல்லையென்றால் கருவி எதையும் சொல்லாமல் கடந்துவிடும். சிங்கப்பூரில் 2008 ஜனவரி முதல் மே வரை, நீரிழிவே இல்லாத 149 பேர் இரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்கு விழுந்த நிலையில் அரசு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். 127 பேரின் இரத்தத்திலோ சிறுநீரிலோ கிளைபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து இருந்தது. ஏழு பேர் நினைவிழந்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள். ஆண்மை மருந்து என்று விற்கப்பட்ட மூலிகைத் தயாரிப்புகளிலும் போலி மாத்திரைகளிலும் அது கலந்திருந்தது. ஆண்மை மாத்திரையில் நீரிழிவு மருந்தைத் தேட எந்த ஆய்வகத்துக்கும் தோன்றியிராது. தேட வைத்தது, ஒரே மாதிரியான நோயாளிகள் தொடர்ந்து வருவதைக் கவனித்த மருத்துவர்களின் கண்.

தரக்கட்டுப்பாடு என்பது பெரும்பாலும் ஓர் அடையாள வேதிப்பொருளை அளப்பதாகவே சுருங்கிவிட்டது. மஞ்சளென்றால் குர்குமின் எத்தனை சதவீதம், நிலவேம்பென்றால் ஆண்ட்ரோகிராபோலைடு எத்தனை. அளவுகோல் ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு, ஏமாற்றுபவர் மூலிகையைச் சேர்க்க மாட்டார், அளவுகோலைச் சேர்ப்பார். பில்பெர்ரி என்ற ஐரோப்பியக் காட்டுப்பழத்தின் சாறு, ஆந்தோசயனின் என்ற செந்நீல நிறமிக்காக விற்கப்படுகிறது. 25 சதவீதம் நிறமி என்று சொல்லி வந்த சரக்கு ஒன்றில், நிறத்தின் அடர்த்தியை மட்டும் அளக்கும் எளிய கருவி கணக்குச் சரி என்றது. ஒவ்வொரு நிறமியையும் தனித்தனியே பிரித்து அளந்தபோது 9 சதவீதம்தான் தேறியது. மிச்சச் சிவப்பு அமரந்த் என்ற செயற்கைச் சாயத்திலிருந்து வந்தது. அமெரிக்கா 1976இலேயே உணவில் தடைசெய்த சாயம் அது. ஜிங்கோ இலைச் சாற்றில் விலை மலிந்த ருட்டினைக் கலந்து, அடையாளப் பொருளின் 24 சதவீத அளவை எட்டவைப்பதும் இதே வித்தை.

குர்குமினில் இந்த விளையாட்டு இன்னும் நுட்பமானது. பெட்ரோலிய மூலப்பொருட்களிலிருந்து செயற்கையாகச் செய்த குர்குமினும் மஞ்சள் கிழங்கில் விளைந்த குர்குமினும் ஒரே மூலக்கூறு. வண்ணப்பிரிகையும் நிறை நிறமாலைமானியும் வேறுபாடு காட்டா. முதலில் உதவுவது கூட்டாளிகள். கிழங்கில் குர்குமின் தனியே இருப்பதில்லை. அதன் இரண்டு உறவுப்பொருட்களும் ஒரு விகிதத்தில் கூடவே இருக்கும். தனித்த குர்குமின் மட்டும் மிதமிஞ்சித் தெரிந்தால் சந்தேகப்படலாம். கெட்டிக்காரக் கலப்படக்காரர் அந்த விகிதத்தையும் சரிக்கட்டிவிட்டால்? அப்போது கார்பனின் வயதைக் கேட்கலாம். போன ஆண்டு காற்றிலிருந்து கார்பனை எடுத்து வளர்ந்த கிழங்கில் கதிரியக்கக் கார்பன்-14 இருக்கும். அதன் அரைவாழ்வு 5,730 ஆண்டுகள். பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த பெட்ரோலியத்தில் அது மிச்சமில்லை. கீழடியின் கரியை எந்த முறையால் காலக்கணிப்பு செய்தார்களோ அதே முறையால், டப்பாவிலுள்ள குர்குமின் வயலில் விளைந்ததா ஆலையில் விளைந்ததா என்று சொல்லிவிடலாம். தொல்லியலின் கேள்வியை மருந்துக்குக் கேட்கலாம் என்று முதலில் யோசித்தவரை நான் மனதார வணங்குகிறேன்.

டி.என்.ஏ. சோதனை இருக்கும்போது வேதிச் சோதனை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். 2015இல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம், பெரிய கடைகளில் விற்ற மூலிகைப் பொருட்கள் பலவற்றில் சீட்டில் எழுதிய தாவரத்தின் டி.என்.ஏ. இல்லை என்று அறிவித்தது. தாவர வேதியியலாளர்கள் உடனே மறுத்துப் பேசினார்கள். ஆல்கஹாலில் ஊறவைத்து, வடித்து, காய்ச்சி எடுத்த சாற்றில் டி.என்.ஏ. சிதைந்தோ விடுபட்டோ போயிருக்கும். அது இல்லாததால் மூலிகை இல்லை என்று முடிவுகட்ட முடியாது. காய்ந்த வேருக்கும் இலைக்கும் டி.என்.ஏ. நல்ல சாட்சி. லேகியத்துக்கும் சாற்றுக்கும் வேதிப்பொருளே சாட்சி.

காய்ந்த செடிக்கு அது எவ்வளவு நல்ல சாட்சி என்பதற்கு நம் கீழாநெல்லியே உதாரணம். தென்னிந்தியாவில் 25 கடைகளிலிருந்து வாங்கிய சரக்கை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வில், 76 சதவீத மாதிரிகளில் பிரதானமாக அசல் கீழாநெல்லி இருந்தது. மீதியில் மேலாநெல்லி உட்பட அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு ஐந்து செடிகள் இருந்தன. வரப்பில் ஒன்றாகவே முளைக்கும் செடிகள் அவை. கூலிக்குப் பறித்து எடை போட்டு விற்கும் பெண்களைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. கிலோ கணக்கில் காசு கொடுக்கும் வணிகம், செடியைப் பிரித்துப் பார்க்கும் நேரத்துக்குக் காசு கொடுப்பதில்லை.

செடியின் பெயரிலேயே தெளிவில்லாவிட்டால் எந்தக் கருவியும் கைவிட்டுவிடும். கொரோனா காலத்தில் வீதிவீதியாகக் காய்ச்சிக் கொடுத்த கபசுரக் குடிநீரில் 15 சரக்குகள். அவற்றில் ஒன்று வட்டத்திருப்பி வேர். அந்தக் குடிநீரைப் பற்றிய ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளில், வட்டத்திருப்பி என்று சில கட்டுரைகள் சீந்தில் குடும்பத்துக் கொடியைக் குறிக்கின்றன. வேறு சில, செம்பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்த சிடா அகூட்டாவை, அதாவது அரிவாள்மனைப் பூண்டைக் குறிக்கின்றன. முதலாவதில் ஆல்கலாய்டுகளின் ஒரு தொகுப்பு, இரண்டாவதில் முற்றிலும் வேறு தொகுப்பு. எது அசல் என்று சித்த மருத்துவரும் தாவரவியலாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, காய்ந்த மாதிரிச் செடியைத் தாளில் ஒட்டி, இதுதான் என்று கையெழுத்திடாதவரை, எந்த வேதிச் சோதனையாலும் எது கலப்படம் என்று தீர்ப்பு சொல்ல முடியாது.

இதற்கு நேரெதிரான சிக்கலும் நம் மண்ணில் உண்டு. அரிஸ்டோலோக்கியா பேரினம் நமக்கு அந்நியமல்ல. பாம்புக்கடிக்குப் பேர்போன ஈசுவரமூலியும், கரிசல் காட்டில் தரையோடு படரும் ஆடுதீண்டாப்பாளையும் அந்தப் பேரினமே. இரண்டிலும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. சிவந்த உடலும் கறுத்த சிறகுமாகப் பறக்கும் பட்டாம்பூச்சி ஒன்று இந்தச் செடிகளில்தான் முட்டையிடும். புழு இலையைத் தின்று அமிலத்தை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. இங்கே கடைக்காரர் கொடுத்தது அசல் ஆடுதீண்டாப்பாளைதானா என்று சோதித்தால், ஆம், அசல் என்றே பதில் வரும். சரக்கு தூய்மையானது, கலப்படமற்றது, அப்படியே நஞ்சுமானது. சித்த மருத்துவத்தின்மேல் மதிப்பு வைத்திருப்பவன் என்ற முறையிலேயே சொல்கிறேன்: இந்த இரண்டு மூலிகைகளையும் உள்ளுக்குக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். பழைய வைத்தியர்கள் அறியாதவர்கள் என்பதல்ல காரணம். பத்து, இருபது ஆண்டுகள் கழித்து சிறுநீர்க் குழாயில் தோன்றும் புற்றுநோயை, முன்பு குடித்த ஒரு சூரணத்தோடு தொடர்புபடுத்திப் பார்க்க எந்தத் தனி வைத்தியராலும் எந்தக் காலத்திலும் முடிந்திராது. அதற்கு டயாலிசிஸ் பதிவேடுகளும் டி.என்.ஏ. ஆய்வும் வேண்டியிருந்தன.

சரி, கையில் ஒரு சந்தேகப் பொட்டலம் இருக்கிறது. மூட்டுவலிக்கு வாங்கிய பொடி, முகம் உப்பிவிட்டது. அதை யாரிடம் கொடுத்துச் சோதிப்பது? 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஆம் பிரிவு, மருந்தை வாங்கிய எவரும் உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் அதைச் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறலாம் என்கிறது. அருமையான உரிமை அது. ஆனால் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளுக்கு அந்த அத்தியாயம் பொருந்தாது. அவற்றுக்குத் தனி அத்தியாயம். கலப்பட மருந்து எது, போலி மருந்து எது என்று அந்த அத்தியாயம் தெளிவாகவே வரையறுக்கிறது. ஆய்வாளர்களுக்கும் பகுப்பாய்வாளர்களுக்கும் உரிய அதிகாரங்களைக் கொடுக்க, 33எச் பிரிவின் வழியாக 22, 23, 24, 25 ஆகிய நான்கு பிரிவுகளை எடுத்துக்கொள்கிறது. வாங்கியவரின் உரிமையைச் சொல்லும் 26 அந்தப் பட்டியலில் இல்லை.

ஆங்கில மருந்து மாத்திரையில் சந்தேகம் வந்தவருக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் அந்தக் கதவு, சூரணத்தில் சந்தேகம் வந்தவருக்கும் திறக்க வேண்டும். பொட்டலத்தோடு வருபவரிடம் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நாள், உடம்பில் என்ன மாற்றம் என்று விசாரித்து எழுதிக்கொண்ட பிறகே மாதிரி ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அந்தக் குறிப்பு இருந்தால், ஸ்டீராய்டைத் தேடுவதா, நீரிழிவு மருந்தைத் தேடுவதா, அரிஸ்டோலோக்கிக் அமிலத்தைத் தேடுவதா என்று பகுப்பாய்வாளருக்குத் தெரியும்.